நம்ம ஊர் டிரைவரும் பலி

மகள் செல்போனில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாக ஆட்களைக் கொன்ற ஒருவனின் கதையாம். 'உண்மைச் சம்பவம்' என்று எழுத்து ஓடியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரியைச் சொல்லியே சோறு தின்றவன் நான்.

சங்ககிரியில் ஒரு தியேட்டருக்காக ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்வதுதான் என் முதல் வேலை. மடியில் நோட்டீஸ் கட்டு இருக்கும். அந்த மை வாடை, கை கழுவினாலும் சோற்றில் வரும். கொலைகாரப் படம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். "கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் தயவுசெய்து வர வேண்டாம்!" என்று கெஞ்சுவேன். அப்படிக் கெஞ்சினால்தான் கூட்டம் அள்ளும். எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கொலை எங்கே நடந்திருந்தாலும், செத்தவர்களில் ஒருவரை நம்ம ஊர்க்காரராக்கிவிடுவோம்.

ஒருமுறை, லாரி டிரைவர்களாகப் பார்த்துக் கொன்றவனைப் பற்றி ஒரு டப்பிங் படம் வந்தது. வடக்கே நிஜமாகவே அப்படியொருவன் பிடிபட்டிருந்தானாம். லாரிக்காரர்கள் ஊரில் கேட்கவா வேண்டும்? "நம்ம ஊர் டிரைவரும் பலியான உண்மைக் கதை!" என்று தெருத்தெருவாக முழங்கினேன்.

மேட்னிக்கு முன்னால் ஒரு அக்கா தியேட்டர் கேட் அருகே வந்து நின்றார். டிக்கெட் எடுக்கவில்லை. அவர் கதை ஊரறிந்தது. வடக்கே லோடு ஏற்றிப்போன வீட்டுக்காரர் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. நாக்பூர் ரோட்டில் லாரி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, அந்த நம்மூரு டிரைவரு பேரு என்னங்க?"

பக்கத்திலேயே முதலாளி நிற்கிறார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை.

"அப்புடி ஆருமில்லீங்கக்கா. கூட்டம் வரோணும்னு நானாச் சொன்னதுங்க. பொய்யிங்க."

செருப்படி விழும் என்றுதான் நினைத்தேன். அவரோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பொய்யிங்களா? நீ நல்லா இருப்பே சாமி!"

பொய் சொன்னதற்காக என்னை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை. வெட்கமாக இருந்தது. அன்றோடு அந்த 'நம்ம ஊர்' வரியை நான் விட்டேன். அடுத்த வாரமே முதலாளி என்னை விட்டார்.

தியேட்டர் இப்போது டயர் குடோன். ஆட்டோ விளம்பரத்துக்கு ஆள் வேண்டாம், பதிவு செய்த குரலே தெருவெல்லாம் கத்திக்கொண்டு போகிறது. அக்காவும் போன மாசியில் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரர் கடைசிவரை வரவில்லை. பூவும் பொட்டும் வைத்துத்தான் அக்காவை எடுத்துப்போனார்கள்.