இரவல் மருமகள்

கண்ணில் விடுகிற சொட்டு மருந்து தொண்டையில் கசக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விட்ட கொஞ்ச நேரத்தில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு... கண்ணை மூடிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று நம் பள்ளித் தோழிகள் க்ரூப்பில் ஒருத்தி, "காட்டராக்ட் ஆபரேஷன் வலிக்குமாடி?" என்று கேட்டிருந்தாள். வலிக்காது. எனக்கு அன்றைக்கு வலித்தது வேறு. அதை எழுதுகிறேன்.

பத்து வருடம் இருக்கும். என் வீட்டுக்காரர் தவறிப்போன அடுத்த வருடம். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்னக் கண் கிளினிக். மகன் சென்னையில். சொன்னால் வருவான், மருமகள் ப்ரியாவும் லீவு போடுவாள். எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று, ஸ்ரீரங்கத்திலிருந்து தனியாக ஆட்டோவில் போய் இறங்கினேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைப்பை, ரிப்போர்ட் ஃபைல். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பக்கத்து பெஞ்சில் செல்லம்மாள் என்று ஒரு அம்மாள், லால்குடிப் பக்கம். விவசாயக் குடும்பம். என் வயதுதான், அவருக்கும் அன்றே ஆபரேஷன். கூடவே மகன், மகள், தங்கை, மருமகள், பேரப்பிள்ளைகள்... ஒரு தூக்கு நிறைய இட்லி. கிளினிக்கை அவர்கள் வீட்டுக் கூடமாக்கி வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. இது ஹாஸ்பிட்டல்" என்றேன்.

"சரிங்கம்மா" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அதுவே பெரிய சத்தமாக இருந்தது.

நர்ஸ் வந்தாள். "மேடம், உங்க கூட வந்தவங்க யாரு?"

"யாரும் வரலை. ஐ கேன் மேனேஜ்."

"அய்யோ, ஆள் இல்லாம தியேட்டருக்குள்ள விட மாட்டோம் மேடம். டாக்டர் எங்களைத்தான் திட்டுவாங்க. இன்னொரு நாள் யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

எவ்வளவோ பேசிப் பார்த்தேன். என் இங்கிலீஷ் அங்கே எடுபடவில்லை. இன்னொரு நாள் என்றால் சென்னைக்கு போன் போட்டு, "எனக்குத் துணைக்கு ஆள் வேணும்" என்று நானாகக் கேட்க வேண்டும். அதற்கு இந்த மங்கல் கண்ணோடே இருந்துவிடலாம் என்று ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தேன்.

செல்லம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? இங்கதான் ஒரு வண்டி ஆளு இருக்குல்ல. ஏ ஜோதி, நீ போயி இந்தம்மா கூட நில்லு."

ஜோதி அவருடைய மருமகள். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்றாள் நர்ஸ்.

ஜோதி யோசிக்கவே இல்லை. "மருமகங்க."

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். சாயங்காலம் திருப்பிக் குடுத்துரணும், ஆமா" என்றார் செல்லம்மாள் என்னிடம். பெஞ்சே சிரித்தது. நர்ஸும் சிரித்துக்கொண்டே என்னை உள்ளே அனுப்பினாள்.

வெளியே வரும்போது ஒரு கண்ணில் கட்டு. முழங்கையில் ஜோதியின் கை. "படி இருக்கு அத்தை, பாத்து."

அத்தை! ப்ரியா கல்யாணத்துக்கு முன் என்னை ஆன்ட்டி என்றாள். அதுவே நிலைத்துவிட்டது.

ஜோதி எனக்குக் காபி வாங்கி வந்து, "சூடு போதுங்களா அத்தை?" என்று கேட்டாள். போதும் என்றேன். பிறகு செல்லம்மாளும் கட்டோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கும் அதே காபி.

"காப்பியா இது? கழனித்தண்ணி மாதிரி."

"பின்ன, லால்குடிக்குப் போயி மாட்டைக் கறந்துட்டு வரச் சொல்றீங்களா?"

"வாயப் பாரு வாய..."

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். ஆடாம உக்காருங்க, கட்டு அவுந்துரும்."

சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் மாமியாரின் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்ததற்காக இல்லை, தூக்கு நிறைய இட்லிக்காகவும் இல்லை. அந்தச் சண்டைக்காக. எனக்கு மரியாதை, அவருக்கு ஏச்சு. யாருடைய மருமகள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ப்ளீஸ், தேங்க்ஸ், ஸாரி... நம் கான்வென்ட் ஸிஸ்டர்கள் கேட்டால் பூரித்துப் போவார்கள்.

சாயங்காலம் அவர்கள் வேனிலேயே என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். ஜோதி என்னை உள்ளே உட்கார வைத்து, மருந்தை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். வேனுக்குள்ளிருந்து செல்லம்மாளின் குரல்: "வர்றியா, அங்கயே இருந்துக்கிறியா?"

இங்கேயே இரேன் என்று ஜோதியிடம் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் எனக்கு அடுத்த கண். அதே கிளினிக் இப்போது மூன்று மாடி. ஏ.சி., டிவியில் டோக்கன் நம்பர், சத்தமே இல்லை. தனியாக வருகிறவர்களுக்கு அவர்களே ஒரு பெண்ணைத் துணைக்குத் தருகிறார்கள். யாரும் யாருக்கும் உறவு சொல்ல வேண்டியதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, தேடியும் பார்த்தேன்.

ஆனால் இந்த முறை நானே ப்ரியாவுக்கு போன் செய்து, "வர்றியாம்மா?" என்று கேட்டேன். "கண்டிப்பா ஆன்ட்டி" என்று ஆபரேஷனுக்கு முதல் நாளே ரயிலில் வந்து இறங்கினாள். ஆபரேஷன் முடிந்ததும் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்கார வைத்தாள். பக்கத்திலேயே லாப்டாப்பைத் திறந்து, சத்தமில்லாமல் ஆபீஸ் வேலை பார்த்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு குரலை உயர்த்தினேன்.

"மருந்துப் பையை எங்க வெச்ச? ஒரு சாமானை ஒழுங்கா வெக்கத் தெரியாதா உனக்கு?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்...

"ஸாரி ஆன்ட்டி" என்று லாப்டாப்பை மூடிவிட்டு, குனிந்து நாற்காலிக்கு அடியில் தேட ஆரம்பித்தாள்.

பை என் மடியில்தான் இருந்தது, முந்தானைக்குக் கீழே.