மாஸ்டருக்கு எது வலது?

கழுத்தில் அளவுநாடா தொங்க, காதில் சாக்பீஸ் செருகியிருக்க, டெய்லர் மாஸ்டர் தன் பழைய காரின் பின்பக்கம் குனிந்து நின்றார். எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் கேட்காத, காற்றிலேயே சூடு ஆறிக்கொள்ளும் எஞ்சின். ஸ்பேனரால் புல்லியைத் திருப்பி, அதிலுள்ள வெட்டுக்குறியை எஞ்சினின் நடுக்கோட்டுக்கு நேரே கொண்டுவந்தார். பிறகு, சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து மயிரிழை மயிரிழையாகத் திருகினார். இரண்டு ஒயர் கட்டிய சின்ன பல்பு பளிச்சென்று எரிந்தது. பொறி தெறிக்கும் நேரம் அதுதான் என்று அர்த்தம்.

"சரியாத்தானே எரியுது! அப்புறம் ஏன்டா தட்டுற?" என்று எஞ்சினையே கேட்டார். டைமிங் வைப்பது என்பது இவ்வளவுதான். இதை ஒரு வாரமாகத் தினமும் செய்கிறார் மனிதர்.

மாஸ்டர் கத்தரியில் படுகெட்டிக்காரர். ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், தொப்பையை எங்கே ஒளிப்பது என்று அவர் கைக்குத் தெரிந்துவிடும். வலது இடது விஷயத்தில் மட்டும் தலையும் புரியாது, காலும் புரியாது. பாவம், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. காலமெல்லாம் எதிரே நிற்கிறவர்களுக்கு அளவெடுத்தவர். அவர்களுடைய வலது தன்னுடைய இடது என்று மாற்றிப் போட்டே பழகியவர். வழி கேட்டு வருகிறவர்களிடம், "நேரா போய் வலது பக்கம்... இருங்க, உங்க வலதா, என் வலதா?" என்பார். கேட்டவர் மெல்ல நழுவி வேறு யாரையாவது தேடிப் போவார்.

மனைவி நர்ஸ். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவளுக்கு மாற்றல் வந்தது. "தினமும் நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டிட்டு வரேன்" என்று மாஸ்டர் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். கார் பாதி மலை ஏறுவதற்குள் டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல் தட்ட ஆரம்பித்தது.

"இதை நம்பி நான் டூட்டிக்குப் போக முடியுமா? அங்கேயே குவார்ட்டர்ஸ் தராங்க, தங்கிக்கறேன். லீவு நாள்ல வந்துட்டுப் போறேன்" என்றாள் அவள். சாவியும் வாங்கியாயிற்று. அன்றிலிருந்து மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் எது வலது என்று யாரிடம் போய்க் கேட்பது?

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "மாஸ்டர், நாலு சிலிண்டரும் ஒரு தடவை வெடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தக் குறி ரெண்டு தடவை மேல வரும். ஒரு தடவை ஒண்ணாம் சிலிண்டருக்கு, இன்னொரு தடவை மூணாவதுக்கு. மூணாவதுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் பொறி விழும், டிசைனே அப்படி. அதை வெச்சு செட் பண்ணினா மத்ததெல்லாம் முந்திக்கும், ஏத்தத்துல தட்டும். ஒண்ணாம் நம்பரைப் பிடிங்க. வலது பக்கம், உள்ள தள்ளி இருக்கறது. இடது பக்கம் அதே மாதிரி இருக்கறதுதான் மூணாவது."

"வலது பக்கத்தைத்தானே பிடிச்சேன்!" என்று மாஸ்டர் போனை வைத்த பிறகும் புலம்பிக்கொண்டிருந்தார்.

டூட்டியில் சேருவது மறுநாள்தான் என்றாலும், குவார்ட்டர்ஸுக்குக் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. புது யூனிஃபார்ம் முதுகில் இறுக்குகிறது என்று அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்து திரும்பி நின்றாள். விட்டுப் போகிறவளுக்கே தைத்துக் கொடுக்கவேண்டிய தலையெழுத்தை நொந்தபடி, மாஸ்டர் வலது தோளில் சாக்பீஸால் கோடு போட்டார். போட்ட கை அப்படியே நின்றது.

"இது உன் வலதா, என் வலதா?"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டீங்களா! திரும்பித்தானே நிக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே வலதுதான்."

"அப்ப அது?"

"எது?"

"எஞ்சின்! வண்டிக்குப் பின்னால நின்னு பாக்கறேன். அது எனக்கு முதுகைக் காட்டிட்டில்ல நிக்குது! நான் மூஞ்சின்னு நெனச்சு மாத்திப் போட்டுட்டேனே!"

ஓடினார். சாக்பீஸ் கோடு போட்ட யூனிஃபார்மோடு அவளும் பின்னாலேயே போனாள். புல்லியை இன்னும் ஒரு சுற்று சுற்றி ஒண்ணாம் சிலிண்டருக்கு வந்தார், இந்தத் தடவை தன் வலதையே வலதாக வைத்துக்கொண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு நூல் நகர்ந்த பிறகுதான் பல்பு எரிந்தது.

"இது சரியா, முன்னாடி வெச்சது சரியா? ரெண்டுலயும் எரியுதே!" என்று பரிதாபமாகப் பார்த்தார்.

"மலை சொல்லும். வண்டியை எடுங்க" என்று அவள் துணிப்பையைப் பின்சீட்டில் போட்டாள்.

வழக்கமாகத் தட்டும் வளைவு வந்தது, போனது. சத்தமே இல்லை. மாஸ்டர் அவசரமாக வண்டியை ஓரங்கட்டினார். "ஏன் தட்டல? ஏதாவது கழண்டு விழுந்துடுச்சா?"

"தட்டினாலும் அழறீங்க, தட்டலைன்னாலும் அழறீங்க. ஓட்டுங்க!"

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவள் பையைத் தொடவில்லை. "இருங்க, சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

"எந்தச் சாவி?"

"குவார்ட்டர்ஸ் சாவிதான்" என்றபடி படியேறிப் போனாள்.

மாஸ்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. வண்டியை இறக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். அவள் படியிறங்கி எதிரே வருவதைக் கண்டதும் துள்ளி இறங்கி, மகாராணிக்குத் திறப்பதுபோல் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், ஸ்டியரிங் இருக்கும் பக்கத்துக் கதவை.