முதலாளி வீட்டு ஆகாயக் கப்பல்

அந்தப் பெண் போட்டிருந்த அங்கி என்ன நிறம் என்பதில் எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அரக்கு என்றது ஒரு கட்சி. மயில்கழுத்து என்றது இன்னொரு கட்சி. டி.வி.யில் எல்லாமே சாம்பலாகத்தான் தெரியும் என்பது இரண்டு கட்சிக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் பட்டுக்குச் சாயம் தோய்த்தே பிழைத்தவர்களிடம் போய், அதற்கு நிறமே கிடையாது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? எங்கள் தெருச் சாயக்காரர் அரக்குக் கட்சியின் தலைவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு டி.வி.யைப் பார்த்து, "அரக்குதாம்பா. தோய்ச்சவன் ஒரு முக்கு கம்மியா முக்கிட்டான்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்.

எழுபதுகளின் கடைசி அது. பெரிய காஞ்சிபுரத்தில் டி.வி. இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தெருவுக்கு வாய்த்தது முதலாளி வீட்டு டி.வி. தெருவில் பாதித் தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்பவர் அவர். மெட்ராஸிலிருந்து படம் இவ்வளவு தூரம் வந்து சேர வேண்டுமே என்று மொட்டை மாடியில் நெடிய இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டியிருந்தார். அதில் காக்கை உட்கார்ந்தால் படத்தில் மழை பெய்யும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தறிச் சத்தம் அடங்கிவிடும். முதலாளி வீட்டுக் கூடத்தில் ஆண்கள் முன்னால், பெண்கள் சுவரோரம், பிள்ளைகள் கிடைத்த இடத்தில் என்று தெருவே போய் உட்கார்ந்துவிடும்.

எல்லாம் அந்த ஆகாயக் கப்பல் தொடருக்காகத்தான். பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் ஒரு கப்பல் வானத்தில் உலகம் உலகமாகப் போய்க்கொண்டிருக்கும். அதற்கு நரைத்த தலையோடு ஒரு கேப்டன். அந்தக் கப்பல்காரர்களிடம் ஆளைப் போலவே பொம்மை செய்யும் மெஷின் ஒன்றுகூட இருந்தது. ஒரு வாரம் கேப்டனைப் போலவே ஒரு பொம்மை செய்து எதிரியை ஏமாற்றினார்கள், நாங்களும்தான் ஏமாந்தோம். ஒரே ஒரு சங்கடம், தொடர் இங்கிலீஷில் வந்தது. கூடத்தில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, என் மாமாவைத் தவிர.

மாமா அம்மாவின் தம்பி. ஜக்கார்டு தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை போடுவது அவர் வேலை. அதற்கு முன்னால் மெட்ராஸில் இங்கிலீஷ் படமாகவே ஓடும் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அந்தத் தகுதியை மெச்சி டி.வி.க்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். கேப்டன் ஒரு வார்த்தை சொன்னால் மாமா நாலு வாக்கியம் சொல்வார். யாரும் சந்தேகப்படவில்லை. இங்கிலீஷ் ரொம்பச் சுருக்கமான பாஷை என்று எங்களுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

மாமாவின் வாயில் விழுந்து அந்தக் கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் உறவாகிவிட்டார்கள். நடுவில் ஏதோ ஓர் உலகத்தில் கப்பல் நின்றபோது, அந்த அங்கிக்காரப் பெண் ஓடி வந்து ஏறிக்கொண்டாள். "கேப்டனுக்குக் கூடப் பொறந்த தங்கச்சி. கட்டிக் குடுத்த லோகத்துலேர்ந்து ஓடியாந்துட்டா" என்றார் மாமா. அந்த லோகத்தில் சோறு மாத்திரையாக இருக்குமாம். மாமியார்காரி அந்த மாத்திரை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாளாம். எல்லாரும் தின்று முடித்த பிறகு, மிச்சம் இருந்தால்தான் இவளுக்காம். பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்த அப்பா மட்டும் துண்டை மடியில் போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் அப்படித்தான், அதிகம் பேசமாட்டார், அதைவிடக் குறைவாகக் காதில் வாங்குவார்.

எங்கள் வீட்டிலும் அப்போது ஓர் அங்கலாய்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் தங்கையைத் தென்னேரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் அத்தை ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். ஏன் வந்தாய் என்று அப்பா கேட்டதற்குச் "சும்மாத்தான்ணா" என்றாள். பிறகு போகவே இல்லை. கொண்டுபோய் விடுவதா, வைத்துக்கொள்வதா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. தெருவில் ஆளுக்கு ஆள் கேட்பது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தையைப் பற்றி அம்மா வாயைத் திறந்தாலே, "என் தங்கச்சிக்குச் சோறு போடறது உனுக்குக் கஷ்டமா இருக்குதா?" என்பார். அவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னாலோ, "குடும்பத்தைப் பிரிக்கப் பாக்கிறியா?" என்பார். அம்மா எதைச் சொன்னாலும் தப்பு. அதனால் அம்மா அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டு அத்தையைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அடுப்பங்கரையில் நின்றபடியே, மூலையைப் பார்த்து, நாலே வாயில் சாப்பிட்டு முடிப்பாள். "உக்காந்து துன்னா இன்னா? யாரு வந்து புடுங்கிக்கப் போறாங்க?" என்று அம்மா அதட்டுவாள். எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். அம்மா இப்படிக் கரித்துக் கொட்டுகிறாளே என்று ஆத்திரமாக வரும்.

அந்தத் தொடரைப் பார்க்க அம்மா ஒரு வாரமும் வந்ததில்லை. தறிக்கு ஊடைநூலைத் தாரில் சுற்ற வேண்டும், இட்லிக்கு அரைக்க வேண்டும் என்று ஏதாவது இருக்கும். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அவரை உட்கார வைத்துப் பரிமாறிக்கொண்டே அம்மா மெதுவான குரலில் கதை கேட்பாள். நான் பக்கத்தில் போனால் வெற்றிலை வாங்கிவர அனுப்பிவிடுவாள். ஒரு நாள் சில்லறைக்காகத் திரும்பி வந்தபோது காதில் விழுந்தது.

"பூட்டுப் போட்டத சொன்னியா?"

"போன வாரமே சொல்லிட்டேன்கா. சாயக்காரரு ஓன்னு அழுதுட்டாரு."

"அவரு அழுது இன்னா ஆவப் போவுது" என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

பாவம், பார்க்க வர முடியாவிட்டாலும் கதையில் எவ்வளவு ஈடுபாடு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொடர் முடியப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தது முதலாளியின் மகன். மெட்ராஸில் காலேஜ் படிக்கிறவர், லீவுக்கு வந்திருந்தார். வருகிற சனிக்கிழமையோடு சரி என்று அவர் சொன்னதும் தெருவே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அதே வாரத்தில்தான் தென்னேரியிலிருந்தும் ஆள் வந்து சொன்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பெண்ணை அழைத்துப் போகிறார்களாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு "வரட்டும்" என்றார். அத்தை தன் மூன்று புடவைகளையும் துவைத்து, மடித்து, அந்தத் துணிப்பையில் வைத்தாள். நான் அந்தப் பையை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அத்தை அதைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அம்மா மாமாவுக்குக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்திருந்தாள். என்னை விரட்டக்கூட மறந்துவிட்டாள்.

"இன்னிக்கி அந்தப் பொண்ணு கப்பல வுட்டு எறங்கக் கூடாதுடா."

"படத்துல எறங்கிட்டா நா இன்னாக்கா பண்றது?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது" என்று இன்னொரு கரண்டி சோற்றை இலையில் போட்டாள். மாமாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. முதலாளியின் மகன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை வரமாட்டேன் என்றாள்; நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரோரம் உட்கார வைத்தேன். படம் ஓடியது. பெண்ணைக் கேட்டு அந்த லோகத்துக்காரர்கள் தங்கள் கப்பலில் வந்துவிட்டார்கள். கேப்டன் ரொம்ப நேரம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேப்டன் ரோசன பண்றாரு. ஊரு இன்னா சொல்லும்னு பாக்கறதா, தங்கச்சி மூஞ்சியப் பாக்கறதான்னு ரோசன பண்றாரு" என்றார். கேப்டன் உண்மையில் வாயையே திறக்கவில்லை.

அப்புறம்தான் அந்த அநியாயம் நடந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் நிதானமாக நடந்து போய் அவர்கள் கப்பலில் ஏறினாள். திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. கூடம் மொத்தமும் மாமாவைத் திரும்பிப் பார்த்தது. மாமாவின் நெற்றியில் வேர்த்திருந்தது.

"அது அவ இல்ல" என்றார் மாமா. "பொம்ம. கேப்டன் மெஷின்ல பொம்ம செஞ்சி அனுப்பிட்டாரு. தங்கச்சி உள்ளதான் இருக்கா."

முதலாளியின் மகன் சிரித்துவிட்டார். "எல்லாம் ரீல்பா! பொம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவளேதான் போறா. அந்தாளு அவளுக்கு அண்ணனே கெடையாது!"

முதலாளி கொடுக்கும் பட்டில்தான் அந்தக் கூடத்தில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்தும் அன்றைக்கு அந்தப் பிள்ளையை எல்லாருமாகச் சேர்ந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "சின்ன மொதலாளி, நீ நேத்து வந்த. நாங்க மொதல்லேர்ந்து பாத்துக்கினு இருக்கோம்" என்றார் ஒருவர். "அண்ணன் இல்லன்னா இன்னாத்துக்குபா அந்தாளு கண் கலங்கறான்?" என்றார் இன்னொருவர். சுவரோரத்திலிருந்து ஒரு பெண்குரல், "படிச்சா போதுமா, கத பாக்கத் தெரிய வேணாம்?" என்றது. சாயக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "உள்ள இருந்தவ போட்டிருந்தது அரக்கு. இப்ப ஏறிப் போனது மயில்கழுத்து. நா கண்ணால பாத்தேன். பொம்மதான்!" அத்தனை மாதமாக மயில்கழுத்து என்று சாதித்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து தலையாட்டியது அந்த ஒரு நாள்தான். கடைசியில் முதலாளியே, "டேய், நீ கம்முனு இரு" என்று மகனை அடக்கினார்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் அப்பா பேசினார். அந்தக் கூடத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"பொம்மையாத்தான் இருக்கும்" என்றார். "பூட்டுப் போட்டுச் சோறு போட்ட எடத்துக்கு எந்த அண்ணன்பா திரும்பி அனுப்புவான்?"

சொன்னபின் துண்டை உதறினார். உதறிய கை அப்படியே பாதியில் நின்றது. மெல்லத் திரும்பிச் சுவரோரம் பார்த்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். அப்பா அவள் பின்னாலேயே போனார். டி.வி.யில் பேர்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அதை மொழிபெயர்க்கும்படி யாரும் மாமாவைக் கேட்கவில்லை.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. "ம்மா, கடைசியில இன்னா ஆச்சு தெரியுமா? கதவு தொறந்திச்சா, அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"அத வுடு" என்றாள் அம்மா. "அப்பா இன்னா சொன்னாரு?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்பா சொன்னதைச் சொன்னேன். "மூஞ்சி எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டாள். அழுகிற மாதிரி இருந்தது என்றேன். அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். கப்பல் என்ன ஆனது என்று அவள் கேட்கவே இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது நானாகத்தான் முழுக்கதையையும் சொன்னேன். பொம்மை என்று மாமா சமாளித்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கெட்டிக்காரன்தான்" என்றாள்.

மறுநாள் தென்னேரியிலிருந்து இரண்டு பேர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். அப்பா காப்பி கொடுக்கச் சொன்னார். அவர்கள் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ வர்ல" என்றார். பெண்ணே சொல்லட்டும் என்றார்கள். "நான் சொல்றேனில்ல" என்றார் அப்பா. வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அவர்கள் தெருமுனை திரும்பியதும், அத்தை அடுப்பங்கரையில் நின்றபடி இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். அம்மா ஒரு பலகையை எடுத்து அவள் காலடியில் சத்தமாகப் போட்டு, "உக்காந்து துன்னு" என்றாள். அத்தை உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகும் வெகுநாள் டீக்கடையில் மாமாவை நிறுத்தி, அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்பார் மாமா. சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் அந்தக் கதையைப் பேசாத நாளே இல்லை. யார் வீட்டில் யாரெல்லாம் பார்த்தார்கள் என்று பேச்சு வரும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். எங்கள் தெருவிலேயே அந்தத் தொடரை ஒரு வாரம்கூடப் பார்க்காதது எங்கள் அம்மா ஒருத்திதான் என்று, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.