பாலத்தைக் கணக்கில் சேர்த்தவர்

ஹட்டனில் சொத்துகளின் பெறுமானத் தேய்வு பற்றி நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலையில்தான், கணக்காளர் சகாயநாதன் வட்டவளையில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமான செய்தி வந்தது. பின்வரிசையில் கைபேசியைப் பார்த்த உத்தியோகத்தர் ஒருவர் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தனர். யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. "சகாயம் சேர் போயிட்டாருங்க" என்று யாரோ சொன்னபோது பாதி வகுப்பு அழுதுகொண்டிருந்தது. அந்த வேளையிலும் என் மனத்தில் வந்தது இதுதான்: எனக்காக எந்த வகுப்பும் இப்படி எழுந்து நிற்காது.

நாங்கள் ஒரே தரத்தில் சேவையில் சேர்ந்தவர்கள். நுவரெலியா மாவட்டப் பிரதேச சபைகளின் கணக்குகளைப் பழைய காசு முறையிலிருந்து அட்டுறு முறைக்கு மாற்றும் பணியில் இருவரையும் சேர்த்தே அமர்த்தினார்கள். காசு முறையில், ஒரு பாலத்துக்குப் பணம் கொடுத்து முடிந்ததும் அந்தப் பாலம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அட்டுறு முறையில் அது சொத்தாக நிலைக்கும், ஆண்டுதோறும் தேயும், பராமரிப்புக்கு ஒதுக்கீடு கேட்கும். பொதுத்துறைக் கணக்கீட்டு நியமங்களைப் பந்தி பந்தியாக அறிந்தவன் நான். இந்தப் பணியில் முதலிடம் எனக்கே உரியது என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையானது என்று இன்றும் நான் கருதவில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆற்றைக் கடக்கும் நடைபாலம் ஒன்று உண்டு. கொழுந்துக் கூடையோடு பெண்களும், பாடசாலைப் பிள்ளைகளும் போய்வரும் ஒரே வழி அதுதான். அதைச் சபை கட்டிக்கொடுத்தது; நிலமோ தோட்டத்தினுடையது. சொத்துப் பட்டியலில் அது சேராவிட்டால் அதற்கென்று பராமரிப்பு ஒதுக்கீடும் இல்லை. கைப்பிடி ஏற்கனவே ஒரு பக்கம் கழன்று தொங்கியது. தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம் வந்த பின் சேர்ப்போம் என்றேன். சகாயநாதன் என்னையும் கூட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பொன்னம்மா என்ற பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அக்கா, இந்தப் பலகை ஒடஞ்சா யாரைத் திட்டுவீங்க?"

"சபையைத்தான் சேர். தோட்டத்துத் தொரைகிட்ட போனா, 'சபை போட்டது, அங்க போய்க் கேளு'ங்கிறாரு. போன மழைக்கு ஒடஞ்சப்ப சபை ஆபீஸ்ல போய்க் கத்தினோம். அதுக்குப் பொறகுதான் பலகை வந்துச்சு."

"நல்லாக் கத்துனீங்களா?"

"இந்தா நிக்கிறாரே, இவரு மாதிரியே கண்ணாடி போட்ட ஒருத்தர்கிட்டதான் கத்துனோம்."

"இவரைத் திட்டிறாதீங்கக்கா. ஒவ்வொரு திட்டுக்கும் எலக்கம் போட்டுக் கையெழுத்துக் கேப்பாரு."

சுற்றிநின்ற பெண்கள் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உரிமை வேற, கட்டுப்பாடு வேறன்னு வகுப்புல சொல்லிக் குடுக்கிறது நீங்கதானே? திட்டு வாங்குறவன்தான் சொத்துக்காரன்." என் வகுப்புக் குறிப்புகளில் அரைப்பக்கம் பிடித்த விளக்கம் அது. அவர் அதை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அன்று இரவு அந்த அரைப்பக்கத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவரிடம் குறைகளும் இருந்தன. அவருடைய அட்டவணை எதுவும் முதல்முறையே சரியாக வந்ததில்லை. ஒருமுறை, "சபைதான் கட்டிக் குடுத்துச்சு" என்று மக்கள் சொன்னதை நம்பி, ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலையே சபையின் சொத்தாக எழுதி அனுப்பினார். சபை கட்டியது கோயிலின் வெளிமதிலை மட்டும். நான் சிவப்பு மையால் அடித்துத் திருப்பினேன். நாள் தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கரான அவர், அலுவலகம் முழுதும் கேட்கச் சிரித்தார். "ஐயோ, அம்மனுக்கே தேய்மானம் போட்டுட்டனே!" பிழை அவருடையது, திருத்தியவன் நான். ஆயினும் அலுவலகம் அன்று ரசித்தது அவரைத்தான்.

பாலத்தின் விவகாரம் நுவரெலியாவில் கணக்காய்வாளர் முன் வந்தது. நிலத்தின் உறுதிப்பத்திரம் எங்கே என்று அவர் கேட்டார். பாலத்தடிப் பேச்சுக்குப் பின் பந்தி இலக்கங்களோடு நான் எழுதிய விடை என் கோப்பில் இருந்தது. நான் கோப்பைத் திறப்பதற்குள் சகாயநாதன் எழுந்து, பொன்னம்மா சொன்னதைச் சிங்களத்தில் அப்படியே நடித்துக் காட்டினார். கணக்காய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, நான் கோப்பில் இணைத்திருந்த, பலகை அனுப்பிய பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, பாலத்தைச் சபையின் சொத்தாக ஏற்றுக்கொண்டார். என் விடையும் அதே முடிவைத்தான் சொன்னது. யாரும் அதைக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சகாயநாதன் என் தோளில் கைவைத்தார். "நீங்க எழுதினதைத்தான் நான் பேசினேன். அது இல்லாட்டி அவரு சிரிச்சிட்டு நம்மளை அனுப்பிவச்சிருப்பாரு." அது உண்மை என்பது எனக்குத் தெரியும். அதை அவரே சொன்னதால், அவர்மேல் பொறாமை கொள்வதுகூடக் கடினமாயிற்று. எனினும் நான் அதை விடவில்லை.

வட்டவளையில் இறுதி அஞ்சலிக்கு அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு லொறி நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். அரை நாள் பேரையும் அதற்கான கூலியையும் இழந்து வந்தவர்கள் அவர்கள். பொன்னம்மா என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். "ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டுட்டாங்க சேர். நல்லபடியாப் போய் வர்றோம். அவருகிட்ட சொல்லணும்னு இருந்தேன்." ஒதுக்கீட்டுக் கடிதத்தில் ஒப்பமிட்டவன் நான்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, அவரைப் பெட்டியருகே அழைத்துப்போனேன்.

சகாயநாதனின் நண்பர்கள் இந்த நினைவு மலரில் அவரது சிரிப்பையும் அன்பையும் எழுதுவார்கள். எனக்கு வாய்த்தது வேறு. ஒருவரிடம் பேச உட்காரும்போது அவர் எந்தப் பக்கம் உட்காருவார், கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருப்பார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார் என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நேசித்தவர்கள் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கமாட்டார்கள். பொறாமைக்காரனுக்குத்தான் அந்தக் கண் இருக்கும். அதனால் அவருடைய வேலைமுறை முழுவதும், ஒரு துண்டு குறையாமல், என்னிடம் இருக்கிறது.

இறம்பொடைத் தோட்டங்களின் சொத்துச் சரிபார்ப்பு அவர் பெயரில் இருந்தது. இப்போது அதை எனக்கு மாற்றியிருக்கிறார்கள். அடுத்த வாரம் போகிறேன். முதல் லயக் குடியிருப்பிலேயே "சகாயம் சேர் வரலீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நியமங்களில் பந்தி எதுவும் இல்லை.