தம்பி கடை எஸ்டிமேட்

அந்தப் பேச்சு ஒரு பெருமூச்சில்தான் தொடங்கியது. பெருமூச்சு விட்டவர் பல் டாக்டர். அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்ததால், எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கும் அது கேட்டது.

“என்ன டாக்டர், பல்லைப் பிடுங்குறவரே பெருமூச்சு விட்டா எப்படி?”

“இந்தத் தடவை என் பல்லைப் பிடுங்கிட்டாங்க அக்கா. கார்ல தண்ணி ஒழுகுது. தண்ணி பம்ப் மாத்தணுமாம். எஸ்டிமேட்டைப் பாத்ததும் தலை சுத்துது.”

“எந்தக் காரு? அந்தச் சிவப்பா?”

“அதேதான், ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரு. கம்பெனி சர்வீசுக்குப் போனா சொத்தையே எழுதிக் கேப்பாங்கன்னுதான் வெளிக்கடைக்குப் போனேன். இங்கயும் இப்படின்னா நான் எங்க போறது?”

“எந்தக் கடை?”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க தம்பி கடைதான்.”

அவள் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள். அத்தையின் தம்பி என்றால் அவளுடைய அப்பா.

“நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்? தம்பின்னா தராசு சாஞ்சிருமா? கூலி எத்தனை மணி நேரம் போட்டிருக்கான்?”

“பதினாலு மணி நேரம்.”

“ஒரு தண்ணி பம்புக்கா?”

“அதைத்தான் அக்கா நானும் கேக்கறேன்.”

“ஜாஸ்தி. பாதி போதும். வேற கடையில கேட்டுப் பாருங்க.”

“அக்காவே தம்பியை ஜாஸ்தின்னு சொன்னா, அதுக்கு மேல அப்பீல் ஏது!” என்று டாக்டர் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். போன் அணைந்தது.

அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறினாலே குமட்டும். எங்கே போனாலும் பஸ்தான், அதிலும் ஜன்னலோர சீட்டுதான். ஆனால் ஒரு பெரிய கார் கம்பெனியின் சர்வீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், என்ன பொருள், என்ன கூலி என்று எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவள். வேலையை விட்ட பிறகும் ஆட்கள் விடவில்லை. வெளிக்கடைகளுக்குப் போகிறவர்கள் அங்கே கொடுக்கும் எஸ்டிமேட்டைப் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பி, நியாயமா அநியாயமா என்று கேட்பார்கள். காசு வாங்க மாட்டாள். “காசு வாங்கினா அவனுக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லணும்னு தோணும்” என்பாள். கண் புரை காரணமாகப் பொடி எழுத்து தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் வரும் எஸ்டிமேட்டுகளைத் தம்பி மகளான அவள்தான் மாலைகளில் வந்து வாய்விட்டுப் படித்து, தமிழிலும் சொல்லிக் காட்டுவாள். அதிகம் பேசாத பெண் என்பதால் அத்தைக்கு அவள் படிப்பது பிடிக்கும். நடுவில் தன் கருத்தைச் சொருக மாட்டாள்.

அன்றும் சொருகவில்லை. ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. யார் எந்தக் காரைப் பற்றிக் கேட்டாலும் அத்தையின் முதல் கேள்வி, “அங்க கை போறதுக்கு என்னென்ன கழட்டணுமாம்?” என்பதுதான். பம்ப் ஒரே பம்ப்தான். ஒரு காரில் மூடியைத் திறந்தால் எதிரே நிற்கும், இன்னொன்றில் பாதிக் காரைப் பிரித்தால்தான் கண்ணிலேயே படும். கூலி பம்புக்கு அல்ல, பம்ப் வரைக்கும் போகிற வழிக்கு. விலை குறைவான கடை நல்ல கடை என்று நினைப்பவர்களை அத்தை இந்த ஒரு கேள்வியாலேயே மடக்கியிருக்கிறாள். அன்று மட்டும் அதைக் கேட்கவில்லை.

அந்தச் செய்தி அப்பாவின் காதுக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. டாக்டருக்கு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் சிநேகிதர்கள் பலர். ஞாயிறு காலைகளில் ஒன்றாகக் கிளம்பிப் போகும் கூட்டம். அவர்களை நம்பித்தான் அப்பா கடன் வாங்கிக் காரைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தார். வேலைக்கு நாள் கேட்டிருந்த இருவர் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் அதைக்கூடச் சொல்லவில்லை. லிஃப்ட் வெறுமனே நின்றது.

“வேற யாராவது சொல்லியிருந்தா தட்டி விட்டுட்டுப் போயிருப்பேன்” என்றார் அப்பா, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி. “சொன்னது எங்க அக்கா. ஊரே நம்பும். நானே நம்புவேன்.”

அதற்குப் பிறகு அவர் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அவள் மட்டும் வழக்கம்போல மாலையில் அத்தை வீட்டுக்குப் போனாள். இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டில் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் மறுபடி கூப்பிட்டார். இம்முறை பெருமூச்சுகூட வரவில்லை.

“அக்கா, நீங்க சொன்ன பாதிக்கு ஒரு கடையில ஒத்துக்கிட்டாங்க. இப்போ அந்தக் கடைக்காரர் கையை விரிக்கிறார். பம்புக்குக் கையே போகலையாம். இன்ஜினை இறக்கணும், அதுக்கு இந்தக் கூலி கட்டுப்படியாகாது, வண்டியை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றார். நல்ல மனுசன், காசு எதுவும் வாங்கல. ஆனா வண்டி பிரிச்ச கோலத்துல கிடக்குது.”

அத்தை போனைக் கையில் எடுத்தாள். “என் தம்பி கடைக்கே கொண்டு வாங்க. நானும் வர்றேன்.”

மறுநாள் அப்பாவின் கடையில் சிவப்புக் கார் லிஃப்ட்டின்மேல் தலைக்கு மேலே நின்றது. மகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த அக்காவைப் பார்த்ததும் அப்பா துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

“வாங்க மேடம். எஸ்டிமேட்டைச் சரிபார்க்க வந்தீங்களா?”

“டேய், மேடம் கீடம்னா அறைஞ்சிருவேன். பம்ப் எங்க இருக்குன்னு காட்டு.”

“பதினாலு மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?”

அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டாள். அப்பா லிஃப்ட்டைப் பாதி உயரத்துக்கு இறக்கினார். சீட்டுக்குப் பின்னால்தான் இன்ஜின். அதற்கும் காரின் உடம்புக்கும் நடுவே ஒரு சந்து. அத்தை வளையலைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு அந்தச் சந்துக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. அத்தையின் கையோ வீட்டில் எல்லார் கையையும்விட ஒல்லி என்று அப்பாவே சொல்லிச் சிரிக்கும் கை.

“சீட்டைக் கழட்டணும்” என்றார் அப்பா. கேலி போய்விட்டிருந்தது. “பின்னாடி தகட்டைக் கழட்டணும். இன்ஜினுக்கு முட்டுக் குடுத்து இந்தப் பக்கம் இறக்கணும். அப்பத்தான் பம்ப். அப்புறம் எல்லாத்தையும் திரும்ப ஏத்தணும், காத்து நிக்காம தண்ணி ரொப்பணும்.”

“பதினாலுல முடிச்சிருவியா?”

“இழுத்துப் பிடிச்சா.”

அத்தை கிரீஸ் பட்ட கையாலேயே போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், தம்பி கேட்கட்டும் என்றே.

“டாக்டர், என் கணக்கு தப்பு. இவன் போட்டது நியாயமான கூலி. கம்மியாக்கூடச் சொல்லலாம். என்ன கழட்டணும்னு நான் கேக்கவே இல்ல. உங்க சிநேகிதங்க எல்லாருக்கும் நீங்களே இதைச் சொல்லணும். சொல்லுவீங்களா?”

“சொல்றேன் அக்கா.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் வைக்காதீங்க.”

அவர் சொன்னார். ஒருவர் காரைக் கொண்டு வந்தார். மற்ற இருவர் வரவில்லை, வேறு கடை பழகிவிட்டது போலும். அப்பா இன்னும் கொஞ்ச நாள் “மேடம்” என்றே அழைத்தார், அத்தை அறைவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று கடையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம், அவள் பக்கத்தில். நகக்கண்ணில் கறுப்பு ஒட்டியிருந்தது. வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்த அத்தை, திரும்பாமலேயே பேசினாள்.

“என்ன கழட்டணும்னு எனக்குக் கேக்கத் தெரியாம இல்ல. தம்பின்னு கேட்டதும் சாயக் கூடாது, சாயக் கூடாதுன்னு நினைச்சேன் பாரு, எதிர்ப்பக்கமா சாஞ்சுட்டேன்.”

அவள் வளையலை அத்தையிடம் நீட்டினாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். இனிமே எவன் எதை அனுப்பினாலும், போனை முதல்ல நீ எடு. கடைப்பேரை என் காதுல போடாதே. வேலை, பொருள், மணி நேரம், அது போதும். நானே கேட்டாலும் சொல்லாதே. நான் கத்தினாலும் சொல்லாதே. செய்வியா?”