அந்தப்புரத்தில் அக்காளும் நானும்

அரண்மனையில தங்கியிருக்கீங்களான்னு யாராச்சும் கேட்டா, "ஆமாங்க, ராணி படுத்த கட்டில்லயே படுத்திருக்கேன்"னு சொல்லுவேன். சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ரெண்டாயிரத்துக்கு அப்புறம் கொஞ்ச வருசம், திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருந்தவங்களுக்கு எங்கெங்கயோ போற யோகம் அடிச்சுது. எங்களுக்கு ராஜஸ்தான்.

நாங்க முதலிபாளையத்துல குழந்தைங்க துணி தைக்கறோம். எங்ககிட்டத் துணி வாங்கற பையர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. ஒரு வருசம் தீபாவளி முடிஞ்ச கையோட, அவங்களுக்குத் தைக்கறவங்களையெல்லாம் ஜோடி ஜோடியாக் கூப்பிட்டு மீட்டிங் போட்டாங்க. எடம் ஒரு பழைய மகாராஜாவோட அரண்மனை. இப்ப அது பெரிய ஓட்டல். எங்க ஊட்டுக்காரர் சேதி வந்த அன்னைக்கே பெட்டியக் கீழ எறக்கிட்டார். நான்தான் வரமாட்டேன்னு ஒரே புடியா நின்னேன்.

காரணம் என்ற அக்கா. அவங்களும் அதே பையருக்குத்தான் தைக்கறாங்க. மீட்டிங்குக்கு அவளும் வருவா. அவளும் நானும் பேசி ரெண்டு வருசம் ஆகியிருந்துது.

சண்டை எதுக்குன்னு வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா, "அட, இவ்வளவுதானா?"ம்பாங்க. எங்க பக்கத்துல வாசப்படிய மிதிச்சவங்களை, ஊட்டுல இருக்கற ஒவ்வொருத்தரும் தனித்தனியா 'வாங்க'ன்னு கேக்கோணும். அதான் ஒருத்தர் கேட்டாச்சேன்னு இன்னொருத்தர் சும்மா இருந்தாக்கூடக் குத்தம். அக்கா புது பங்களா கட்டிக் குடி போன அன்னைக்கு, நாங்க சீர்த்தட்டோட வாசல்ல போய் நின்னோம். சரியா அந்த நேரம் பாத்து ஒரு வெள்ளைக்காரன் கார்ல வந்து எறங்கினான். அக்காளும் மாமாவும் அவனைக் கூட்டிட்டு உள்ள போனாங்க, போட்டோ எடுத்தாங்க, மாடியக் காட்டுனாங்க. எங்க ஊட்டுக்காரர் தட்டைத் தூக்கிட்டு நின்னாரு நின்னாரு, ஏன்னு கேக்க நாதியில்ல. எனக்கு வந்துதே கோவம்! தட்டை அங்கயே வெச்சுப்போட்டு, கை நனைக்காமத் திரும்பிட்டோம். இப்பவும் சொல்றேன், அன்னைக்கு நான் செஞ்சது சரிதான்.

ஆனா சரியா இருந்து என்னங்க பண்றது? அக்கா மகளுக்குக் கார்த்திகையில கல்யாணம் வெச்சிருந்தாங்க. பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் கூப்பிட்டுட்டு இருந்தாங்க, எங்க ஊட்டுக்கு மட்டும் வரல. அந்தப் புள்ள நடக்கப் பழகினதே எங்க கம்பெனியில துணி சரிபாக்கற செக்கிங் டேபிளைப் புடிச்சுத்தான். அக்கா மிசின்ல உக்காந்தா புள்ள என்ற இடுப்புல. கூப்பிடாத கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன். நான் போகலைன்னா அதுக்கப்புறம் ரெண்டு ஊடும் சாகற வரைக்கும் சேராது. அதை நெனச்சு ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்குவேன். வெளிய காட்டிக்குவேனா? மாட்டேன்.

கடைசில எங்க ஊட்டுக்காரர், "நீ வராட்டி நான் தனியாப் போறேன், ஜோடி எங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"னு கேட்டார். அதுக்காகக் கெளம்பினேன். அதுக்காக மட்டும்தான்னு அவர்கிட்டச் சொன்னேன்.

அரண்மனை வாசல்ல ஒரே தடபுடலுங்க. மத்தளம் அடிக்கறாங்க, ஒரு பொண்ணு ஆரத்தி எடுக்குது, நெத்தியில பொட்டு வெக்குது, கழுத்துல சாமந்தி மாலை. தலப்பாக் கட்டின மீசைக்காரர் ஒருத்தர் வெறப்பா சல்யூட் அடிச்சார். எங்க ஊட்டுக்காரர் திருப்பி அடிச்சார். அவர் மரியாதைக்கு மறுபடி அடிக்க, இவர் மறுபடி அடிக்க, நான்தான் சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். "பாத்தீங்களா? முன்னப்பின்ன தெரியாதவங்க எத்தனை அழகா வாங்கங்கறாங்க. கூடப் பொறந்தவளுக்குத்தான் வாய் வலிச்சுப் போச்சு"ன்னேன். "வந்த எடத்துலயுமா? சித்த சும்மா இரு தாயி"ன்னு கும்பிட்டார்.

எங்களுக்குக் குடுத்தது ராணிங்க இருந்த பகுதி. பித்தளைக் குமிழ் வெச்ச பெரிய கதவு ஒண்ணு. உள்ள ஒரு கூடம், மேல் கூரை பூராவும் சில்லுச் சில்லாக் கண்ணாடி. கூடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு படுக்கையறை. கட்டில் என்ற நெஞ்சு ஒசரம், ஏறறதுக்கு முக்காலி போட்டிருந்தாங்க. ஜன்னல்ல மயில் வந்து நின்னுது. நான் கூப்பிட்டுக் காட்டினா, "இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்? பொங்கலூர்ல எங்க சித்தப்பா தோட்டத்துல இதுங்கதான் தக்காளியப் பூரா தின்னு தீக்குது"ங்கறார். குளியலறையில டவல் துணில தெச்ச நீளமான அங்கி தொங்குச்சு. எடுத்த ஒடனே உள்பக்கம் திருப்பித் தையலைப் பாத்தேன். எங்களுக்கு அது சாமி கும்பிடற மாதிரி, தானா வரும். "தையல் பரவாயில்ல, நான் அப்பவே பாத்துட்டேன்"னு அவர் வெளிய இருந்து சொன்னார்.

எதுக்கு ரெண்டு படுக்கையறைன்னுதான் எங்களுக்குப் புரியல. சண்டை போட்டா ஆளுக்கொண்ணு வேணுமில்லன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டார். நான் செருப்பைக் கதவோரம் ஒதுக்கி வெச்சேன். நாற்காலியை வெளிச்சத்துக்கு நகத்திப் போட்டேன். கெட்டில்ல தண்ணி காய வெச்சு டீ போட்டேன். கொஞ்ச நேரத்துல அது என்ற ஊடாவே ஆகிப்போச்சு.

கதவைத் தட்டற சத்தம். போய்த் தொறந்தேன். அக்காளும் மாமாவும் நிக்கறாங்க, பின்னால பெட்டியத் தூக்கிட்டு ஓட்டல் ஆளு. பையரோட டெல்லி ஆபீஸ்ல ரூம் போட்ட பொண்ணு, நாங்க கூடப் பொறந்தவங்கன்னு யாரோ சொல்லக் கேட்டு, சந்தோசப்படுவாங்கன்னு எங்களை ஒட்டுக்கா ஒரே எடத்துல போட்டுட்டாளாம். அது எங்களுக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது.

அக்கா மொகம் செவந்துச்சு. திட்டலாமா, கதவைச் சாத்தலாமான்னு மனசு கணக்குப் போடறதுக்குள்ள என்ற வாய் முந்திக்கிச்சு.

"வாங்க மாமா. வாங்கக்கா. உள்ள வாங்க."

அடக் கடவுளே! நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். பேச்சு வந்த நாள்ல இருந்து, வாசல்ல ஆள் நின்னா வர்ற வார்த்தைங்க அது. எதிரி வந்து நின்னாலும் நிக்காது. அக்காளுக்கும் அதே கதிதான். கேட்டா பதில் சொல்லோணுமில்ல? "வர்றோம், வர்றோம். எப்ப வந்தீங்க?"ன்னுட்டு அவளும் வாயப் பொத்திக்கிட்டா. மாமா செவுத்துப் பக்கம் திரும்பிட்டார், தோளு ரெண்டும் குலுங்குது.

அந்த நேரம் பாத்து எங்க ஊட்டுக்காரர் அந்த அங்கியோட வெளிய வந்தார். "அட, வாங்க சகலை! காலைல போன்ல இதைச் சொல்லவே இல்லியே!"ன்னார். சொன்ன பொறவுதான் என்னையப் பாத்தார். தெனமும் காலைல பேசிட்டு இருந்தது நூல் ஏஜென்ட்டுன்னு ரெண்டு வருசமா நம்பிட்டு இருந்த என்னைய என்ன சொல்ல! ஒண்ணும் தெரியாதவங்களாட்டப் பொட்டாட்ட இருந்துட்டு ரெண்டு பேரும் எங்க காதுல பூ சுத்தியிருக்காங்க.

அக்கா சோபா நுனியில உக்காந்தா. தண்ணி குடுத்தேன், குடிச்சா. டீ குடுத்தேன். சுத்தியும் முத்தியும் பாத்துட்டு, "என்னமோ உன்ற ஊடாட்ட வாங்கன்னு கேக்கறே?"ன்னா.

"முன்னால வந்தவ ஊடுதான் இது"ன்னேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. டீ பொறையேறிச்சு. நான் தலையில தட்டினேன், கொஞ்சம் பலமாவே தட்டினேன். ரெண்டு வருசக் கடுப்பு இருக்கில்லீங்க?

பேச்சு வந்துருச்சு. ஷிப்மென்ட், கரண்ட் கட்டு, யார் கம்பெனியில ஆள் நிக்கறதில்ல, எல்லாம் பேசினோம். கல்யாணத்தைப் பத்தி மட்டும் அவளும் எடுக்கல, நானும் கேக்கல. நானாக் கேட்டா மானக்கேடு. சாயங்காலம் தர்பார் மண்டபத்துல மீட்டிங், விருந்து, ஆட்டம் பாட்டம். பையர் கம்பெனிக்காரர் என்ன பேசுனாருன்னு கேட்டா எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. என்னதான் சிரிச்சாலும் கூப்பிடுவாளா மாட்டாளான்னு உள்ளுக்குள்ள அதே ஓடிட்டு இருந்துது.

மறுநாள் காலைல நான் தலை சீவிட்டு இருந்தேன். கூடத்துப் பக்கமிருந்து எங்க அறைக் கதவைத் தட்டினாங்க. அக்கா பட்டுச்சேலை கட்டி நிக்கறா. பக்கத்துல மாமா வேட்டி சட்டையில. கையில ஓட்டல்காரங்க பழம் வெச்சிருந்த வெள்ளித்தட்டு. அதுல மாதுளை, ஆப்பிள், அக்காளோட குங்குமச்சிமிழ், பத்திரிகை. வெத்தலைக்கு மாமா விடியால கடைவீதிக்குப் போயிருக்கார். இந்தி தெரியாம வெத்தலையக் கையால காட்டிக் கேட்டிருக்கார். கடைக்காரன் இனிப்பெல்லாம் வெச்சுப் பீடாவா மடிச்சு, மேல ஒரு செர்ரிப்பழத்தைக் குத்திக் குடுத்திருக்கான். அது தட்டுல ஜம்முன்னு உக்காந்திருந்துச்சு.

எனக்குச் சந்தோசந்தான். ஆனா என்ற வாய் சும்மா இருக்குமா? "ஓட்டல்ல கூப்பிட்டா அது கூப்பிட்டதா? ஊட்டுக்கு வரோணும்"னேன்.

"ஊட்டுக்கும் வர்றோம். ஊருக்குப் போனதும் மொத வேலை அதுதான். அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும்"னா அக்கா. "கல்யாண மண்டபத்து வாசல்ல நீதான் நிக்கோணும். வர்றவங்களையெல்லாம் நீதான் வாங்கன்னு கேக்கோணும். எனக்கு அன்னைக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. யாரையாச்சும் உட்டுப்போடுவேன் கண்ணு. உட்டுப்போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்கு ஒழுகுது, சீப்பு தலையிலயே நிக்குது. எங்க ஊட்டுக்காரர் பின்னால இருந்து, "வாங்கிக்க, வாங்கிக்க"ங்கறார். ரெண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினேன்.

"என்ன சேலை கட்டட்டும்?"னு கேட்டேன்.