சுவரைத் தொடாத உத்திரம்

‘ஆவணி 6. ஐந்தாம் மாதம். டாக்டரம்மா: படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. வசந்தா ஏரியைப் பற்றிக் கேட்டாள்.’

போன வாரம் வீட்டு வரி ரசீதைத் தேடும்போது கையில் சிக்கிய 1969-70 தமிழ் வருட டைரியில் இப்படி இருக்கிறது. ரசீது கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை டைரியை விட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை.

அப்போது நாங்கள் பருத்திப்பட்டில் இருந்தோம். மனை ஏரியை நோக்கிச் சரிவு. அதனால் தெருப்பக்கம் வாசலுக்கு ஒரே படி. பின்பக்கம் ஏழு படி. அந்த ஏழு படி இறங்கினால்தான் ஏரி. உள்ளிருந்து பார்த்தால் தெரிவது வேலிப்பூவரசும், அதற்கு மேல் கொஞ்சம் வானமும்.

வசந்தாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, முதல் இரண்டு தடவையும் குழந்தை தங்கவில்லை. மூன்றாவது இது. பகலெல்லாம் படுக்கை, ஜன்னல், வெள்ளைச் சுவர். ஒரு நாள் கேட்டாள், “தண்ணி எது வரைக்கும் இருக்குங்க இப்போ?”

ஏரியையே கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

பின்வாசல் மட்டத்திலேயே வெளியே ஒரு மரமேடை போட்டால் என்ன? படியே வேண்டாம். வாசலைத் தாண்டினால் மேடை, பூவரசு மறைக்காமல் எதிரே ஏரி. பூந்தமல்லியிலிருந்து தச்சர் கரீம் பாயை அழைத்து வந்தேன். அவர் பார்த்தார், பென்சிலைக் காதில் செருகினார்.

“ரெண்டு உத்திரம் போதும் சார். அந்தாண்ட முனைக்கு ரெண்டு காலு. இந்தாண்ட முனைய செவுத்துல ஒரு சாண் பொந்து போட்டு உள்ள உட்டுட்டா... நூறு வருஷம் அசையாது.”

உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. “சுவரை இடிக்கக் கூடாது பாய்.”

அவ்வளவுதான். கரீம் பாய் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். “அம்மா முழுகாம இருக்காங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? எங்க ஊட்லயும் அதே கட்டுதான். ஆணி அடிக்க மாட்டோம், மண்ணு தோண்ட மாட்டோம்.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா? கிடையாது. ஆனால் இரண்டு முறை இழந்தவளிடம் போய் நம்பிக்கையைப் பற்றி விவாதம் செய்வீர்களா? நானும் செய்யவில்லை.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டுத் துரை. பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலிக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“இதுக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? செவுத்த தொடாதே. செவுத்துக்குப் பக்கத்துல ஒரு வெரக்கட எடம் உட்டு, அங்கயும் காலு நிறுத்து. தோண்டக் கூடாதா? கல்லு மேல நிறுத்து. ஆணி அடிக்கக் கூடாதா? போல்ட்டு போடு! போல்ட்டுக்கு எந்த சாஸ்திரத்துல தடை கீது?”

கரீம் பாய் சிரித்துவிட்டார். “இவுரு வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.”

அப்படியே நடந்தது. மரத்தை அறுத்ததும் துளை போட்டதும் பூந்தமல்லிப் பட்டறையில். எங்கள் வீட்டில் ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்கவில்லை. துரை ஸ்பேனரால் முடுக்க முடுக்க, மேடை சத்தமில்லாமல் எழுந்து நின்றது. வீட்டை ஒட்டி நின்றது. ஆனால் வீட்டைத் தொடவில்லை. நாம் விதியை மீறுவதில்லை, பாருங்கள்... அதற்குள்ளேயே ஒரு சின்னக் கதவைத் திறந்துகொள்கிறோம்.

ஆவணி 29. வசந்தா முதல் முறையாகப் பிரம்பு நாற்காலியில் ஏரி பார்த்து உட்கார்ந்தாள். தண்ணீர் அப்போது வெகுதூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாருக்கோ காட்டுவதுபோல முகத்தை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடிய விடியக் கொட்டி ஓய்ந்த ஒரு காலை. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். “ஏங்க...” என்று ஒரு குரல். பதறாத குரல். அதுதான் பயமாக இருந்தது.

ஓடினேன். மேடையின் இடது மூலை, வீட்டுப் பக்கம், நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. நாற்காலி சாய்ந்து நிற்க, வசந்தா ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்திருந்தாள். மறு கை வயிற்றில். கீழே ‘களுக்’ என்று மண் இன்னும் இறங்கும் சத்தம்.

துரை வேலியைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியாது. குனிந்தவர் உத்திரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துவிட்டார்.

“அண்ணிய உள்ள இட்டுகினு போ அண்ணாத்தே! நான் தாங்கிகினு கீறேன்!”

அவளை உள்ளே கொண்டு சேர்த்தேன். திரும்பிப் பார்த்தால் துரையின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது. அப்போதும் வாய் ஓயவில்லை. “கனமா கீதேன்னு பாத்தேன்... ரெண்டு பேரு இல்ல குந்தினு இருந்தாங்க!”

தப்பு எங்கே? தோண்டக் கூடாது என்று கல்லை மண்ணின் மேல் வைத்தோம் அல்லவா? அது வீடு கட்டியபோது அஸ்திவாரத்துக்காகத் தோண்டி, பிறகு தள்ளி மூடிய மண். மேலே கெட்டி, உள்ளே பொதபொத. கூரைத் தண்ணீர் முழுவதும் விழுவதும் அதே மூலையில். ஏரிப் பக்கத்துக் கால்களோ யாரும் தோண்டாத கன்னித்தரையில் நின்றன. ஓர் இழைகூட இறங்கவில்லை.

கரீம் பாய் வந்து பார்த்துத் தலையசைத்தார். “பொந்து போட்டா இன்னிக்கே முடிஞ்சுது. இல்லாங்காட்டி இது எறங்கினேதான் இருக்கும்.”

வசந்தா சொன்னாள், “அப்போ மேடையே வேண்டாம் பாய்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏரி அன்று நிரம்பத் தொடங்கியிருந்தது.

மறுநாள் துரை தன் மச்சானிடமிருந்து வாங்கிய ஒரு பழைய லாரி ஜாக்கியோடு வந்தார். இறங்கிய காலுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கு, அதன் மேல் ஒரு ரயில்வே கட்டை, அதன் மேல் ஜாக்கி, அதன் மேல் உத்திரம். “மண்ணு தெனம் எறங்குதா? நாமளும் தெனம் ஏத்துவோம். காலைல கால் சுத்து. யாரு ஜெயிக்கிறான்னு பாத்துடலாம்.”

அதன் பிறகுதான் என் வாழ்க்கையின் மிக அழகான நாட்கள் தொடங்கின என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலை ஆறரை. நான் மேடைக்கு அடியில், ஈர மண்ணில். வசந்தா வாசலுக்கு உள்ளே நின்றபடி, மேடைப் பலகையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய தட்டை வைப்பாள்.

“இடது பக்கம் வழியுதுங்க.”

“இப்போ?”

“இன்னும் கொஞ்சம்... ம்... நின்னுடுச்சு.”

ஜாக்கித் திருகின் மரையில் சுண்ணாம்பால் அன்றைய கோட்டைப் போடுவேன். மேலே நாற்காலி நகரும் ஓசை. பிறகு நிசப்தம். பனி ஏரியையும் வானத்தையும் ஒன்றாக்கிவிட்டிருக்கும். எங்கோ நீந்தும் ஒரு நாமக்கோழி மட்டும் இரண்டையும் பிரிக்கப் பார்க்கும். தண்ணீர் நாளுக்கு நாள் நெருங்கி வந்தது. கார்த்திகையில் வேலி. மார்கழியில், மேடையின் நிழல் தண்ணீருக்குள்.

மார்கழி 21. கால் சுற்று திருப்பி, கோடு போட்டு, கை கழுவப் போனேன். வசந்தாவுக்கு வலி கண்டுவிட்டது. துரையின் மனைவி டாக்ஸிக்கு ஓடினாள்.

பெண் குழந்தை. ஐந்தே முக்கால் பவுண்டு. மூன்று நாள் எங்களுக்குப் பயம் காட்டிவிட்டு, பிறகு உரக்க அழுதாள். பத்தாவது நாள் வீடு திரும்பினோம். வசந்தா நேராகப் பின்வாசலுக்குப் போய், குழந்தையின் முகத்திலிருந்த துணியை விலக்கி, ஏரியைக் காட்டினாள். தை பிறந்ததும் கரீம் பாய் சுவரில் ஒரு சாண் பொந்து எடுத்து, உத்திரத்தை உள்ளே விட்டார்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒன்பது காலைகள் போயிருந்தன. டைரியில் ஒன்பது பக்கம் காலி. வந்த அன்று குனிந்து பார்த்தேன்: என் சுண்ணாம்புக் கோட்டுக்குக் கீழே இரண்டேகால் மரை, அதாவது ஒன்பது கால் சுற்று, புதிதாக வெளியே வந்திருந்தது.

துரை, “எனக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட்டு, விடியக்காத்தால பஸ் ஏறிடுவேன்” என்றார். கரீம் பாய், “கால் சுத்துக்கு பூந்தமல்லிலேந்து வருவாங்களா சார்?” என்றார். துரையின் மனைவி சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

திருப்பியது யார் என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.